கோலாலம்பூர் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: "அங்கே எல்லாம் நம்ம சாப்பாடுதான்" என்பது சரியா?

கடலோரத்துக்காரி (கீழக்கரை)

கோலாலம்பூர் போகிறோம் என்று சொன்னதும் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னது இதுதான்: "அங்கே என்ன கவலை, எங்கே திரும்பினாலும் நம்ம ஆள் கடை, நம்ம பேச்சு, நம்ம சாப்பாடு." உம்மாவையும் சாச்சியையும் (சின்னம்மா) கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து சொல்கிறேன், இந்தப் பேச்சு பாதிதான் உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால் வயதானவர்கள் அங்கே போய்த் திண்டாடுகிறார்கள். ஊரைக் குறை சொல்ல வரவில்லை. வழி கேட்டால் நின்று சொல்கிற மக்கள், பெரிய அங்காடிகளில் தொழுகைக்குத் தனி இடம், கழிப்பறையில் தண்ணீர்க் குழாய், இதெல்லாம் பெரிய நிம்மதி. நான் பேச வந்தது சாப்பாட்டையும் அதைச் சுற்றி வருகிற இடைஞ்சல்களையும் பற்றி மட்டும்.

காலையில் பசியாற ஒரு குறையும் இல்லை. விடியும்போதே ரொட்டி சானாய் என்கிற பரோட்டா வீசிக்கொண்டிருப்பார்கள், பருப்பு ஆணம் (குழம்பு) ஊற்றித் தருவார்கள், தோசை உண்டு, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்ட இடியப்பம் உண்டு. இரவும் பிரச்சினை இல்லை, தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற, 24 மணி நேரமும் திறந்திருக்கிற மாமாக் கடைகள் நிறைய. மதியம்தான் சிக்கல். எங்கள் வீட்டில் மதியம் என்றால் சோறு, புளி கரைத்த மீன் ஆணம், ஒரு பொரியல், அப்புறம் ரசம். அங்கே நாசி கண்டார் என்கிற சோற்றுக் கடையில் கோழியும் ஆடும் மீனும் கணவாயும் வரிசை வரிசையாக இருக்கும், பார்த்தால் கண் நிறையும், ஆனால் எதை வாயில் வைத்தாலும் பின்னால் ஓர் இனிப்பு வந்து நிற்கும். சாச்சி இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு வெறும் சோற்றுக்குத் தயிர் தேடினார்கள்.

உம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. டீ என்று கேட்டால் டின் பால் ஊற்றிய டீதான் வரும். சர்க்கரை போடாதீர்கள் என்று சொன்னால் சர்க்கரை போடமாட்டார், டின் பாலை ஊற்றிவிடுவார், அந்தப் பாலே சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கிறது. நாங்கள் போன கடைகளில் கல்லாவில் இருப்பவர்தான் தமிழ் பேசினார், மேசைக்கு வருகிறவர்களில் பலர் வேறு நாட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கும் நமக்கும் நடுவில் மலாய் வார்த்தை தெரிந்தால்தான் வேலை நடக்கும். அப்புறம் தண்ணீர். சாப்பிட உட்கார்ந்தால் சொம்பில் தண்ணீர் வைக்கிற வழக்கம் அங்கே இல்லை. வெந்நீர் கேட்டாலும் பில்லில் ஏறும். சில காசுதான், ஆனாலும் தண்ணீருக்குக் காசா என்று உம்மா கடைசிவரை தண்ணீர் கேட்கவே கூச்சப்பட்டார்கள், அந்த வெயிலில் அது உடம்புக்கு நல்லதா?

விலை இன்னொரு தலைவலி. தட்டில் எல்லாம் வைத்து முடித்த பிறகு ஒருவர் வந்து கண்ணால் பார்த்து விலை சொல்வார். நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் அதே சோறு, அதே மீன், அதே வெண்டைக்காய்க்கு அடுத்தடுத்த நாள் வேறு வேறு விலை வந்தது. கேட்டதற்கு மீன் துண்டு பெரிசு என்றார்கள். குளிர்சாதன உணவகத்தில் பட்டியலில் போட்டிருக்கிற விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும், அதற்கு அர்த்தம் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் 6 சதவீதம் வரியும் மேலே வரும் என்பது. இதோடு விடுதியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, அதுபோக முன்பணம். நம்ம உருண்டைக் கால் பிளக் அங்கே நுழையாது, சதுரக் கால் மூன்று வேண்டும், அதற்கு ஒரு அடாப்டர். பேருந்து நிலையத்தில் கழிப்பறைக்குச் சில்லறை. கடையில் பைக்கு 20 சென். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, ரிங்கிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் என்று பெருக்கிப் பார்க்கிற உம்மாவுக்கு ஒவ்வொன்றும் குத்துகிறது.

போய் வந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். "எல்லாம் கிடைக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தொண்டி தம்பி

லாத்தா, சரியான நேரத்தில் எழுதினீர்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து வாப்பா, உம்மாவோடு போகலாம் என்று இருக்கிறோம். வாப்பாவுக்கும் சர்க்கரை. விசா வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பாம்பன் தெற்குவாடி

அக்கா, நீங்கள் சொன்ன விலைக் கதை உண்மை, ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அவ்வளவு தூரம் போய் மீன் குழம்பும் ரசமும் ஏன் தேட வேண்டும்? அந்த ஊர்க்காரன் என்ன சாப்பிடுகிறானோ அதைச் சாப்பிட்டால் நாக்கு ஏமாறாது. நாசி லெமாக் என்று ஒரு பொட்டலம், தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, சம்பல், நிலக்கடலை, வெள்ளரிக்காய், முட்டை, அதற்கு மேலே பொரித்த நெத்திலிக் கருவாடு. நெத்திலி காய்கிற கரையில் பிறந்தவனுக்கு அது அந்நியச் சாப்பாடா? காலையில் ரோட்டோரத்தில் இரண்டரை மூன்று ரிங்கிட்டுக்கு வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன், சுத்தமாக இருந்தது, வயிறும் கெடவில்லை.

அப்புறம் ஈக்கான் பக்கார், சுட்ட மீன். திருக்கையை வாழையிலையில் வைத்து மேலே சம்பல் பூசிக் கல்லில் சுட்டுத் தருகிறார்கள், தொட்டுக்கொள்ளப் புளித்தண்ணீரில் வெங்காயமும் மிளகாயும் போட்ட ஒரு கிண்ணம். நம் பக்கம் திருக்கை என்றால் புட்டு, இல்லாவிட்டால் குழம்பு. சுட்டுச் சாப்பிட்டால் அந்த மீனுக்கு இப்படி ஒரு ருசி உண்டா என்று எங்கள் கூட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள். நான்கு தலைமுறையாகக் கடலில் இருக்கிற வீட்டுப் பிள்ளை சொல்கிறேன், நம் கரையில் யாராவது அதைச் செய்து விற்க வேண்டும்.

எனக்கு எரிச்சல் வந்தது போக்குவரத்தில். பேருந்தில் ஏறிக் காசை நீட்டினால் ஓட்டுநர் தலையாட்டுகிறார், காசு வாங்க மாட்டார்களாம், டச் என் கோ அட்டை வேண்டும். ரயிலுக்கு நீல பிளாஸ்டிக் வில்லை தருகிற இயந்திரம் பெரிய நோட்டை எடுக்காது. பின்னால் வரிசை, கையில் 50 ரிங்கிட் நோட்டு, சில்லறை மாற்ற ஆளில்லை. போன உடனே அந்த அட்டையை வாங்கி அதில் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள், பாதித் தொல்லை அதோடு தீரும். மோனோரயிலுக்கு மாற வேண்டும் என்றால் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஒரு பேரங்காடியைக் குறுக்கே கடந்து நடக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு நிலையமும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நம்பிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அழகன்குளம் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். பினாங்கிலும் பிறகு கோலாலம்பூரிலும் சாப்பாட்டுக் கடையில் நின்றவன் நான், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் வாப்பா ரஜூலா கப்பலில் போனவர். அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது, அதற்குப் பின்னால் சிதம்பரம் கப்பல், அதுவும் 1985இல் தீப்பிடித்ததோடு முடிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே இருக்கிற நம் சாப்பாடு அந்தக் கப்பல் காலத்துக்கும் முன்னால் இங்கிருந்து போன சாப்பாடு. போன இடத்தில் அது வேறு கைகளில் வளர்ந்தது. பினாங்குத் துறைமுகத்தில் நம்மவர்கள் தோளில் காவடி மாதிரித் தடி வைத்து ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் ஆணமும் சுமந்து போய் விற்றதுதான் நாசி கண்டார். வாங்கிச் சாப்பிட்டவர்களில் மலாய்க்காரர், சீனர், எல்லோரும் இருந்தார்கள். யார் வாங்கிச் சாப்பிடுகிறாரோ அவர் நாக்குக்குத்தானே அடுப்பு எரியும்? புளி குறைந்தது, வெங்காயம் கூடியது, இனிப்பான கெட்டிச் சோயா வந்தது, தக்காளிச் சாறு வந்தது. கீழக்கரை மகள் சொன்ன, பின்னால் வந்து நிற்கிற அந்த இனிப்பு அங்கிருந்து வருவது. கடைக்காரர் தன் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டார் என்று அதற்கு அர்த்தமில்லை, அது இப்போது மலேசியச் சாப்பாடு. ஆகையால் "எல்லாம் நம்ம சாப்பாடு" என்று ஊரில் சொல்வது தப்பு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தெரிந்து கேட்டால் அங்கேயே நம் வாய்க்குச் சாப்பிடலாம். நாசி கண்டார் கடையில் நீங்கள் சும்மா நின்றால் நாலைந்து ஆணத்தையும் கலந்து சோற்றின் மேல் ஊற்றிவிடுவார்கள், அங்கே எல்லோரும் விரும்புவது அதைத்தான். கலக்க வேண்டாம், மீன் ஆணம் மட்டும் தனிக் கிண்ணத்தில் என்று சொல்லுங்கள். கறுப்பாகப் பளபளப்பாக இருக்கிற கோழியைத் தொடாதீர்கள், அதில்தான் இனிப்புச் சோயா. பொரித்த மீன், அவித்த வெண்டைக்காய், உப்பு முட்டை, இது மூன்றும் சோற்றோடு சேர்ந்தால் வயதானவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். ரசம் வேண்டும் என்றால் வாழையிலைச் சோற்றுக் கடைக்குப் போக வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நிறைய உண்டு. சோறும் காய்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், கறி மீனுக்குத் தனிக் காசு. ஹலால் பார்க்கிறவர்கள் கடையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

விலைக்கு ஒரே வழி, தட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பு மீன் துண்டைக் காட்டி "இது எவ்வளவு" என்று கேட்பது. நான் நின்ற கடைகளில் கேட்டவரிடம் யாரும் முகம் சுளித்ததில்லை. கேட்காதவரிடம் கல்லாக்காரர் குத்துமதிப்பாகச் சொல்வார், அந்த மதிப்பு கூட்ட நேரத்தில் கூடத்தான் செய்யும். கணவாய், பெரிய இறால், மீன் முட்டை இது மூன்றும் விலையை ஏற்றுகிற சாமான். பதினொன்றரை மணிக்குப் போனால் எல்லாம் சூடாக இருக்கும், ஒன்றரைக்குப் போனால் அடி ஆணம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் பல கடை சாத்தியிருக்கும், சர்க்கரை உள்ளவர்களை அந்த நேரத்தில் பசியோடு அலையவிடாதீர்கள்.

டீக்கு: "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள், பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் டீ வரும். வெறுமனே கோசோங் என்று மட்டும் சொன்னால் டின் பால் வந்துவிடும் வாய்ப்பு உண்டு. குளிர்பானம் எது கேட்டாலும் ஐஸ் போட்டுத்தான் வரும், வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

இரவில் பெரியவர்களுக்கு ஆட்டுச் சூப் வாங்கிக் கொடுங்கள். மாமாக் கடைகளில் மிளகு, சீரகம், மல்லி போட்டுக் காய்ச்சுவது, நம் வீட்டு மணமே இருக்கும், ரொட்டியை நனைத்துச் சாப்பிடலாம்.

தேவிபட்டினத்தான்

சைவம் சாப்பிடுகிறவர்கள் நிலைமையையும் கொஞ்சம் கேளுங்கள். அப்பா அம்மாவோடு பத்துமலை முருகனைப் பார்க்கப் போனோம். வெறும் காய்கறிதானே என்று ஒரு பொதுக் கடையில் கீரைப் பொரியல் வாங்கினால் உள்ளே பொடி இறால். சம்பல் என்றால் அதில் பெலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கும், பார்த்தால் தெரியாது, மணம் வந்த பிறகுதான் தெரியும். நாசி லெமாக் சோறு சைவம், மேலே கருவாடு. "மீன் இல்லை, கறி இல்லை" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு இறால் போட்டதைக் கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் அது மசாலா. அம்மா விரத நாளில் அதைச் சாப்பிட நேர்ந்தது எனக்கு இன்றும் மனதில் உறுத்தலாக இருக்கிறது. நாங்கள் இலங்கைக்கும் போயிருக்கிறோம், அங்கே மாசிக் கருவாடு இதே வேலையைச் செய்யும்.

பத்துமலை அடிவாரத்தில் சைவக் கடைகள் இருக்கின்றன, அங்கே பயமில்லாமல் சாப்பிட்டோம். கே.எல். சென்ட்ரலிலிருந்து நேராக ரயில் போகிறது, கோயில் வாசலிலேயே இறங்கலாம். 272 படி. 2018இல் வண்ணம் அடித்த பிறகு படம் எடுக்கிற கூட்டம் படியிலேயே நிற்கிறது, முட்டி வலிக்கிற அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏற வழி கேட்டுக் கேட்டுப் போக வேண்டியிருந்தது. குரங்குகள் பையைப் பறிக்கும், பிரசாதப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் ஏறிவிட்டால் வெயிலும் இல்லை, கூட்டமும் குறைவு. மேலே ஏற முடியாதவர்கள் கீழே 42.7 மீட்டர் முருகன் காலடியில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

கடலோரத்துக்காரி (கீழக்கரை)

அழகன்குளம் காக்கா, ஜஸாக்கல்லாஹ். இப்படி ஒருவர் போவதற்கு முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஊரில் இருந்து அங்கே போய் வருகிற ஆண்கள் நிறைய, ஆனால் அவர்கள் கடை வேலைக்கோ வியாபாரத்துக்கோ போகிறவர்கள், வயதான பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு என்ன தேவை என்பது அவர்கள் பேச்சில் வருவதில்லை.

பாம்பன் தம்பி, திருக்கை சுட்டது நானும் சாப்பிட்டேன், ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்" என்பதை இருபது முப்பது வயசுக்காரர்களுக்குச் சொல்லுங்கள். வாழ்நாள் முழுக்க ஒரே உப்பு, ஒரே புளியில் சாப்பிட்ட எழுபது வயது உடம்பு, அதுவும் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற உடம்பு, ஒரு வாரத்தில் மாறாது. சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கும், சாப்பிட்டால் இனிப்பு ஏறும், நடுவில் நான் கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு நிற்க வேண்டும். அவர்கள் அடம் பிடிக்கிறார்கள் என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது அடுப்பங்கரை. விடுதியை விட்டுவிட்டு, சமையல் மேடை இருக்கிற ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். சௌக்கிட் சந்தை நடக்கிற தூரம். காலையில் போனால் அயிலை, வாவல், சீலா எல்லாம் ஐஸில் அடுக்கியிருக்கும், உம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கினார்கள், மீன்காரருக்கும் உம்மாவுக்கும் நடுவில் ஒரு பொது வார்த்தைகூடக் கிடையாது, விரலைக் காட்டியே விலை முடிந்தது. தேங்காயை அங்கேயே இயந்திரத்தில் துருவிப் பிழிந்து பாலாகப் பையில் கட்டித் தருகிறார்கள், நாங்கள் இங்கே அரை நாள் படுகிற பாடு அங்கே ஐந்து நிமிஷம். புளியும் கிடைத்தது, கறிவேப்பிலையும் கிடைத்தது. அன்றைக்கு மதியம் சாச்சி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களே மாலையில் வெளியே போகலாம், இரட்டைக் கோபுரம் பார்க்கலாம் என்று கேட்டார்கள். வயிறு நிறைந்தால்தான் ஊர் பார்க்க மனசு வருகிறது, அதுவரை அறையிலேயே படுத்திருந்தவர்கள்.

மஸ்ஜித் இந்தியா தெருவில் தொதல் என்கிற இனிப்பு விற்கிறார்கள். கீழக்கரைத் தொதலோடு பக்கத்தில் வைத்தால் கருப்பட்டி வாசம் கொஞ்சம் வேறு, மற்றபடி அதே பிசுக்கு, அதே எண்ணெய்ப் பளபளப்பு. உம்மா சாப்பிட முடியாது என்பதுதான் வருத்தம்.

மண்டபம் ஃபாத்திமா

பெண்களாகப் போகிறவர்களுக்கு ஒன்று: உள்ளூர் ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, இளஞ்சிவப்பு நிறத்தில் எழுதியிருக்கும், நடைமேடையிலும் அடையாளம் போட்டிருப்பார்கள். நானும் தங்கையும் அதில்தான் போனோம், நிம்மதி. சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை, 2019 முதல் சட்டம், அதனால் குழந்தையோடு உட்காரலாம். மழையை மட்டும் கவனியுங்கள், சாயங்காலம் இடியோடு கொட்டினால் கூரை இல்லாத இடத்தில் நிற்க முடியாது, அந்த நேரத்தில் கிராப் (கைபேசிச் செயலியில் அழைக்கிற) வண்டி விலையும் ஏறிவிடும்.

ராமேஸ்வரம் வடக்கு வீதி

வந்தவர்களுக்கு அறை கொடுக்கிற வேலை எனக்கு. இந்த இழையைப் படிக்கும்போது என் வாடிக்கையாளர்கள் என்னிடம் வந்து சொல்கிற குறைகளையே நீங்கள் வேறு ஊரைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது. வடக்கிலிருந்து வருகிற வயதான அம்மாக்கள் ரொட்டி கிடைக்குமா என்று கேட்டு அலைகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் காரம் இல்லாத ஒரு தட்டுச் சோற்றுக்காக மூன்று கடை ஏறி இறங்குகிறார்கள். 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு நிற்கிற பெண்கள் உடை மாற்றச் சுத்தமான இடம் தேடுகிறார்கள். ஆட்டோவில் மீட்டர் போடுகிறவர் எத்தனை பேர்? கோலாலம்பூரிலாவது கிராப் வண்டியில் ஏறுவதற்கு முன்பே விலை தெரிகிறது. தட்டு வைத்த பிறகு விலை சொல்கிற வழக்கம் தனுஷ்கோடிப் பாதையில் மீன் பொரிக்கிற இடங்களில் இல்லையா? போன வாரம் ஒரு குடும்பம் என்னிடம் வந்து புலம்பியது, ஒரு மீனுக்கு அவர்கள் கொடுத்த விலையைக் கேட்டு எனக்கே கஷ்டமாகிவிட்டது. வெளியூர் போய் நாம் படுகிற கஷ்டத்தை நம் ஊருக்கு வருகிறவனும் படக்கூடாது என்று நான் நினைக்கிறேன். விலைப்பலகை வைப்பது ஒரு நாள் வேலை.

பாம்பன் தெற்குவாடி

அண்ணே, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மீன் விலையைப் பலகையில் எழுதி ஆணி அடிக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலை இரட்டிப்பாகும். காற்று மாறினால் ஒரே வாரத்தில் நண்டு விலை ஏறி இறங்கும். பொரிக்கிற அக்காக்கள் அன்றன்றைக்கு ஏலத்தில் எடுத்து வருகிறவர்கள், அவர்களும் கடன் வாங்கித்தான் எடுக்கிறார்கள். எழுத முடியாது, ஆனால் எண்ணெயில் போடுவதற்கு முன்பு வாயால் சொல்லலாம். அதைச் சொல்லாமல் பொரித்துவிட்டு விலை கேட்பது யார் செய்தாலும் தப்பு. என் சொந்தக்காரர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன், சிலேட்டில் சுண்ணாம்புக் கட்டியால் அன்றைய விலை எழுதி வைக்க இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீழக்கரை அக்கா, சர்க்கரை மாத்திரை விஷயம் நீங்கள் சொன்ன பிறகு யோசித்தேன். எங்கள் அம்மாவை அழைத்துப் போனால் நானும் சமையல் மேடை உள்ள வீடுதான் எடுப்பேன். ஆனாலும் ஒரு நாள் அந்தத் திருக்கையைச் சாப்பிட வைப்பேன்.

தொண்டி தம்பி

ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே. விசாவும்.

அழகன்குளம் காக்கா

தம்பி, இடத்துக்கு இடம் மாறும், ஆனாலும் ஒரு தோராயம் சொல்கிறேன். ரொட்டி சானாய் ஒன்றரை முதல் இரண்டு ரிங்கிட், டீ இரண்டு அல்லது இரண்டரை. நாசி கண்டாரில் கோழியும் காயும் வைத்தால் 10 முதல் 15, பெரிய மீன் வைத்தால் அதற்கு மேல். வாழையிலைச் சோறு சைவம் என்றால் அதே கணக்குக்குள் வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 ரிங்கிட் வைத்துக்கொண்டால் மாமாக் கடைகளில் வயிறு நிறையச் சாப்பிடலாம், அங்காடிகளில் இருக்கிற உணவகங்களுக்குப் போனால் ஒரு வேளைக்கே அது போய்விடும். பணத்தை விமான நிலையத்தில் மொத்தமாக மாற்றாதீர்கள், வண்டிக்குத் தேவையானதை மட்டும் மாற்றிவிட்டு மஸ்ஜித் இந்தியா பக்கம் மாற்றுங்கள், நல்ல விலை கிடைக்கும். நகரத்துக்கு வர விரைவு ரயில் ஆளுக்கு 55 ரிங்கிட், அரை மணி நேரம் போல ஆகும். நீங்கள் மூன்று பேர் என்றால் கிராப் வண்டி அதைவிடக் குறைவாக வரும். பேருந்து எல்லாவற்றிலும் மலிவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஜும்மாவுக்கு வாப்பாவை மஸ்ஜித் இந்தியா பள்ளிக்குக் கூட்டிப்போங்கள், அங்கே குத்பா தமிழில்.

கடலோரத்துக்காரி (கீழக்கரை)

தொண்டி தம்பி, விசா பற்றி: 2023 டிசம்பர் 1 முதல் நம் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், 2026 முடிய நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் வருகைப் படிவம் ஒன்று இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேருகிற நாளுக்கு முந்தைய மூன்று நாளைக்குள். அதற்குக் காசு கிடையாது. தேடினால் காசு கேட்கிற தளங்கள் முதலில் வந்து நிற்கும், எங்கள் தெருவில் ஒருவர் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டார். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளம்தானா என்று பார்த்து நிரப்புங்கள். திருச்சியிலிருந்து நேர் விமானம், நான்கு மணி நேரம். மலிவு டிக்கெட் என்றால் கையில் 7 கிலோதான், சாப்பாடும் தனிக் காசு. வாப்பாவுக்கு வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொள்ளுங்கள், பயணம் முழுக்கத் தாங்கும்.

மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், மருத்துவர் சீட்டோடு. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, இன்சுலின் போடுகிறவராக இருந்தால் எந்த வேளைக்கு எப்படி மாற்றுவது என்று இங்கேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கிற கருவி, பிளக் அடாப்டர், ஒரு காலித் தண்ணீர்ப் பாட்டில், இது மூன்றும் மறக்காதீர்கள். அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க மாட்டார்கள், அறையில் கெட்டில் இருக்கும், இரவே காய்ச்சி ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் வெளியே தண்ணீர் கேட்கிற சங்கடம் வராது.

நாங்கள் தங்கிய அந்த வீட்டில் மின்தூக்கி உண்டு, அடுப்பும் பாத்திரமும் உண்டு, சோறு வடிக்கிற சட்டி மட்டும் சின்னது, மூன்று பேருக்குப் போதும். தேதி முடிவானதும் தனிச்செய்தியில் எழுதுங்கள், விவரம் அனுப்புகிறேன். பெருநாள் கழித்து வாடகை ஏறிவிடும், அதற்கு முன்பே பேசி வையுங்கள்.